செய்தியறையில் எந்திர அறிவு

2014 மார்ச் 17 விடியற்காலையில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரம் குலுங்கியது. நடுக்கத்தால் விழித்த இதழாளர் கென் ஷ்வென்கே கணினியைத் திறந்தபோது, செய்தி ஏற்கெனவே எழுதப்பட்டுக் காத்திருந்தது. எழுதியது அவரே இயற்றிய 'குவேக்பாட்' என்னும் நிரல். அமெரிக்க நிலவியல் ஆய்வகம் அனுப்பும் அளவு, இடம், நேரம் ஆகியவற்றை, முன்பே வகுத்த சொற்றொடர்களின் இடைவெளிகளில் அது நிரப்பித் தரும். மூன்றே நிமிடங்களில் செய்தி 'லாஸ் ஏஞ்சல்ஸ் டைம்ஸ்' தளத்தில் வெளியாயிற்று. ஆயினும் 2017 ஜூனில், சாண்டா பார்பராவில் 1925-ஆம் ஆண்டு நேர்ந்த நிலநடுக்கத்தின் பதிவை ஆய்வாளர்கள் திருத்தியபோது அது புதிய எச்சரிக்கையாகப் பரவ, நிரலும் அதை உடனடிச் செய்தியாக்கிவிட்டது. வந்த தரவை ஐயுறும் ஆற்றல் அதற்கு இல்லை. செய்தியாளனின் முதற்குணமோ ஐயம்.

சீனத்தின் அரசுச் செய்தி நிறுவனமான சின்ஹுவா 2018 நவம்பரில், தன் வாசிப்பாளர் ஒருவரின் முகத்தையும் குரலையும் வார்த்தெடுத்த எந்திர வாசிப்பாளரை அறிமுகப்படுத்தி, 24 மணி நேரமும் சலியாது உழைப்பார் எனப் பெருமை பேசியது. எழுதித் தந்ததை வழுவாமல் ஒப்பிப்பதே அரசு ஊடகத்தில் மனிதருக்கும் பணி. ஆகவே வேறுபாடு பெரிதன்று என்பேன்.

போலந்தில் கதை வேறு. 2024 அக்டோபரில் கிராக்கோவின் 'ஆஃப் ரேடியோ' தொகுப்பாளர்களை விலக்கி, எந்திரம் படைத்த மூவரை அமர்த்தியது. 2012-இல் மறைந்த நோபல் கவிஞர் விஸ்லாவா சிம்போர்ஸ்காவின் 'நேர்காணல்' கூட ஒலித்தது. பணியிழந்த ஒருவர் திறந்த மடல் விடுக்க, ஆயிரக்கணக்கானோர் கையொப்பமிட்டனர். ஆட்குறைப்புக்கு எந்திரம் காரணமன்று என்ற நிலையத்தின் விளக்கம் எடுபடவில்லை. ஏறத்தாழ ஒரு வாரத்தில் முயற்சி கைவிடப்பட்டது.

அதற்குச் சற்று முன்புதான் வெனிசுவேலா இதழாளர்கள் எந்திர முகத்தைத் தாங்களே விரும்பி நாடியிருந்தனர். அவ்வாண்டு ஜூலை 28 அதிபர் தேர்தலுக்குப் பின் இதழாளர் கைதுகள் பெருகவே, 'லா சாமா', 'எல் பானா' என்னும் இரு உருவங்கள் திரையில் செய்தி வாசித்தன. தாம் மெய்யான மனிதரல்லர் என்று அவையே அறிவித்தன. செய்தியைத் திரட்டியோரும் சரிபார்த்தோரும் மனிதர்களே. மறைக்கப்பட்டவை அவர்களின் முகங்கள்.

எல்லைகளற்ற செய்தியாளர்கள் அமைப்பின் முன்முயற்சியில், பிலிப்பைன்ஸ் இதழாளர் மரியா ரெஸ்ஸா தலைமையிலான குழு எந்திர அறிவும் இதழியலும் குறித்து வகுத்த பாரிஸ் சாசனம் 2023 நவம்பரில் வெளியானது. வெளியிடும் ஒவ்வொன்றுக்கும் ஊடகமே பொறுப்பு என்பது அதன் நெறிகளுள் ஒன்று. பெயரைச் சொன்னால் சிறை என்ற நிலையில் வெனிசுவேலா செய்தியாளரால் அந்தப் பொறுப்பைத் தம் பெயரில் ஏற்க இயலவில்லை. கொலம்பியாவிலிருந்து இயங்கும் 'கனெக்டாஸ்' அமைப்பே வெளிப்படையாக முன்னின்று அதை ஏற்றது.