கற்பிட்டிக் கடிதமும் எலுவன்குளம் பஸ்ஸும்

"தம்பி, எங்கட கணினிக்குள்ள வெளியாள் யாரோ பூந்துட்டான்." தொலைபேசியில் முதலாளியின் குரல் நடுங்கியது. வண்ணாத்திவில்லில் கஜு உடைத்துத் தரம் பிரிக்கும் இடம் அது. கணக்கு வைத்திருக்கும் லினக்ஸ் சர்வரின் பதிவேட்டில் 'மார்ஷியன் சோர்ஸ்' என்ற வரி ஓயாமல் விழுந்துகொண்டிருந்தது. கணினி தெரிந்த பையன் ஒருவன் அங்கே வேலை செய்தான். சந்தேகம் அவன்மேல் விழுந்தது; இரண்டு நாளாக அவனை வரவேண்டாம் என்றிருந்தார்கள். அதுதான் என்னை உடனே புறப்பட வைத்தது.

மார்ஷியன் என்றால் செவ்வாய்க் கிரகவாசி. வலையமைப்பில், வர முடியாத இடத்திலிருந்து வந்த தகவல் பொதிக்கு அந்தப் பெயர். 1995இல் வெளியான ரவுட்டர் விதிகளிலேயே இருக்கிறது. ஊர்க்கணக்கில் சொன்னால், கற்பிட்டி களப்புக்கு அக்கரை, எலுவன்குளம் இக்கரை. அனுப்பியவர் கற்பிட்டி என்று போட்ட கடிதம் எலுவன்குளம் பஸ்ஸில் வந்திறங்கினால் தபாலதிபர் திருப்பித் திருப்பிப் பார்ப்பார் அல்லவா? அந்தச் சர்வரின் லினக்ஸும் அப்படித்தான். இந்த முகவரிக்குப் பதில் அனுப்புவதென்றால் எந்த வாசலால் அனுப்புவேன் என்று பார்க்கும். பொதி வேறு வாசலால் வந்திருந்தால் ஏற்காது.

அந்தச் சர்வருக்கு இரண்டு வாசல். வெளியே இணைய ரவுட்டர், 192.168.1 வரிசை, உள்ளே அலுவலகம், 192.168.10 வரிசை. பதிவேட்டு வரியில் முதலில் நின்றது 192.168.1.1, ரவுட்டரின் முகவரி. 'சோர்ஸ்' என்ற சொல்லை ஒட்டி நிற்பதால் தாக்குதல் வெளியிலிருந்து வருகிறது என்று நினைத்துவிட்டார்கள். பலரும் வழுக்கும் இடம் இது. முதலில் வருவது பெறுபவரின் முகவரி. 'ஃப்ரம்' என்பதற்குப் பின்னால் இருப்பதே அனுப்பியவருடையது. அங்கே இருந்தது 192.168.1.70. வந்த வாசலோ உள்வாசல்!

அடுத்த வரியில் பதினான்கு இரட்டை எழுத்துகள். முதல் ஆறும் 'எஃப் எஃப்': எல்லாருக்கும் கேட்கக் கூப்பிடுகிறது. அடுத்த ஆறு கூப்பிட்ட கருவியின் வன்பொருள் முகவரி. கடைசி 08 06: 'ரவுட்டரே, நீ எங்கே?' என்ற விசாரிப்பு. வன்பொருள் முகவரியின் முதல் மூன்று சோடியும் தயாரிப்பாளரைக் காட்டும். தேடினேன், கெமரா செய்யும் கம்பனி.

சுவிட்சில் வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றினேன். ஏழாவதில் வரி நின்றது. அந்த வயர் கூரை வளையோரம் ஓடி, தராசுக்கு மேலே புதிதாகப் பூட்டிய கெமராவில் முடிந்தது. தொழிற்சாலையில் போட்ட முகவரியை யாரும் மாற்றவில்லை. 192.168 வரிசை உள்வலையமைப்புகளுக்கென்று எல்லாருக்கும் பொதுவாக ஒதுக்கியது. இப்படி மோதுவது வழமை.

எச்சரிக்கையை அணைத்துவிடலாமா என்று கேட்டார்கள். கூடவே கூடாது என்றேன். பையனைக் கூப்பிடச் சொன்னேன். சைக்கிளில் வந்தான். கெமராவின் பக்கத்தைத் திறந்து முகவரியில் 168க்கு அடுத்த 1ஐ 10 ஆக்கியது அவன்தான். இரண்டு நாள் சம்பளத்தையும் சேர்த்துக் கொடுங்கள் என்றேன். முதலாளி லாச்சியைத் திறந்து அங்கேயே எண்ணிக் கொடுத்தார்.