பொத்தானும் ஒரு சாவிதான்!

சாவிக் கொத்தை இடுப்பில் செருகிக்கொண்டு முப்பத்தைந்து வருஷம் குடித்தனம் நடத்தியவள் நான். ராத்திரி படுக்கப் போகுமுன் வாசல் கதவு, கொல்லைக் கதவு, அலமாரி என்று ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தால்தான் எனக்குத் தூக்கம் வரும். அப்படிப்பட்டவளையே, சாவித் துவாரமே இல்லாத ஒரு கதவு கதிகலங்க அடித்துவிட்டது என்றால் நம்புவீர்களா? அந்தக் கதையைத்தான் சொல்லப் போகிறேன். கைக்குழந்தையோடு வெளிநாட்டில் தனிக்குடித்தனம் நடத்தும் பெண்களுக்கும், அவர்களுக்குப் பிரசவம் பார்க்கப் போகும் அம்மாக்களுக்கும் இது உபயோகப்படும்.

2023 பிப்ரவரி. மகளின் இரண்டாவது பிரசவத்துக்காக அமெரிக்காவில் நியூ ஜெர்ஸி மாநிலத்தில் உள்ள எடிசனுக்குப் போயிருந்தேன். சிசேரியன். பச்சைக் குழந்தைக்கு ஐந்து வாரம். மூத்தவனுக்கு நாலு வயது. மாப்பிள்ளை ஆபீஸ் வேலையாக நாலு நாள் வெளியூர் போயிருந்தார்.

அங்கே பல தனி வீடுகளில் முன்பக்கமே கராஜ் இருக்கிறது. நம்மூரில் கார் ஷெட் என்போமே, அதுதான். ஆனால் கதவு நம் கதவு மாதிரி இல்லை. ஒரு சுவர் அகலத்துக்கு இருக்கும் பெரிய பலகை. மேல்நோக்கி மடங்கி மடங்கி ஏறிக் கூரையடியில் படுத்துக்கொள்ளும். கூரையில் தொங்கும் மோட்டார்தான் அதை ஏற்றி இறக்குகிறது. காரில் உட்கார்ந்தபடியே கைக்கு அடக்கமான ஒரு ரிமோட்டை அமுக்கினால் போதும். கராஜுக்கு உள்ளிருந்து வீட்டுக்குள் போக ஒரு சின்னக் கதவு. அதை யாரும் பூட்டுவதில்லை. "பெரிய கதவுதான் மூடியிருக்கேம்மா" என்பாள் மகள்.

தொலைந்து போன பை

அன்று குழந்தையை டாக்டரிடம் காட்டிவிட்டு, வழியில் கடையில் பாலும் காய்கறியும் வாங்கிக்கொண்டு திரும்பினோம். வீட்டு வாசலில் வேனை நிறுத்திய மகள் மேலே கையை விட்டுத் தடவினாள். கண்ணாடிக்கு மேலே வெயில் மறைப்பில் செருகியிருந்த ரிமோட்டைக் காணோம்!

"பாட்டி, நான்தான் என் பையில வெச்சேன்" என்றான் பேரன்.

"பை எங்கேடா கண்ணா?"

அவன் விழித்தான். கடைத் தள்ளுவண்டியிலேயே பையை விட்டுவிட்டு வந்திருக்கிறது பிள்ளை. பள்ளிக்கூடத்துக்காக அந்தப் பையில் வீட்டு விலாசத்தைக் கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டி வைத்தவள் என் மகளேதான்!

கடைக்குப் போன் செய்தோம். அப்படி எதுவும் வரவில்லை என்றார்கள். எனக்கு வயிற்றைக் கலக்கியது. வீட்டுச் சாவியையும் விலாசத்தையும் ஒன்றாகக் கட்டித் தெருவில் போட்டுவிட்டு வந்த மாதிரிதானே? வீட்டில் ஆண் துணை இல்லை. பச்சை உடம்புக்காரி ஒருத்தி, கிழவி ஒருத்தி, இரண்டு குஞ்சுகள். கதவு பழுது பார்ப்பவர்களைக் கூப்பிட்டால், இரண்டு நாள் கழித்துத்தான் வர முடியும் என்றார்கள்.

மாப்பிள்ளை போனில் சொன்னார்: "பயப்படாதீங்க அத்தை. மோட்டார்ல 'லேர்ன்'னு ஒரு பொத்தான் இருக்கு. அந்த மெஷின் புஸ்தகம் சமையலறை டிராயர்ல இருக்கு. அதைப் பார்த்து நீங்களே எல்லாத்தையும் அழிச்சுடலாம்."

மகள் ஏணியைத் தூக்க வந்தாள். "தையல் காயம் ஆறாத வயித்தை வெச்சுக்கிட்டு ஏணி ஏறப் போறியா? நகருடி!" என்று புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு நானே ஏறினேன். மூன்று படி ஏணிதான். மகள் கீழே பிடித்துக்கொண்டாள். மோட்டாரின் பின்புறம் சின்னதாக ஒரு பொத்தான், பக்கத்தில் ஒரு பொட்டு விளக்கு. பொத்தானை அமுக்கியபடியே இருந்தேன். ஆறு விநாடி இருக்கும், விளக்கு அணைந்தது. அவ்வளவுதான். அதுவரை அந்தக் கதவுக்குத் தெரிந்திருந்த எல்லா ரிமோட்டும் செல்லாக்காசாகிவிட்டது. வாசல் சுவரில் எண்களை அமுக்கித் திறக்கும் பலகையும் கூடவே செயலிழந்தது. அதைப் பிறகு புதிதாகப் பதிந்துகொண்டோம்.

உள் கதவையும் பூட்டித் தாழ்ப்பாள் போட்டேன். தூக்கம் வந்தது.

கிளிப்பிள்ளைக்குப் பாடம்

மறுநாள் சனிக்கிழமை. மாப்பிள்ளையின் ரிமோட் ஒன்று மேஜையில் இருந்தது. ஏணியில் ஏறி 'லேர்ன்' பொத்தானை ஒரு தட்டுத் தட்டிவிட்டு, அரை நிமிஷத்துக்குள் ரிமோட்டை அமுக்கினேன். மோட்டார் விளக்கு கண் சிமிட்டியது. அந்த ரிமோட் மீண்டும் வீட்டு மனுஷனாகிவிட்டது.

"இதையே நான் வெச்சுக்கறேம்மா" என்றாள் மகள்.

"அப்ப மாப்பிள்ளைக்கு? அதோட, இதையும் உன் பிள்ளை பையில போடமாட்டான்னு என்ன நிச்சயம்?"

அப்போதுதான் அவளுக்கு ஞாபகம் வந்தது. அவள் ஓட்டுவது பழைய வேன், இன்னொருவரிடமிருந்து வாங்கியது. அதன் முன்கண்ணாடிக்கு மேலே மூன்று பொத்தான்கள் இருக்கின்றன. வாங்கிய நாளிலிருந்து அதை யாரும் தொட்டதில்லை. ஹோம்லிங்க் என்று இதற்குப் பெயர். அங்கே பல கார்களில் இது கூடவே வருகிறது. ரிமோட்டின் வேலையைக் காரே கற்றுக்கொள்ளும். தொலையாது, தனி பாட்டரியும் வேண்டாம்.

காரின் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு எழுத்துக் கூட்டிப் படித்தேன். முதலில், ஆட்களும் சாமான்களும் கதவு வரும் வழியில் இருக்கக் கூடாது என்று போட்டிருந்தது. 'சரி, சரி' என்று பக்கத்தைத் திருப்பினேன். அந்த வரியை மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

"குளிருதும்மா. கதவை மூடிக்கிட்டு, உள்ளேயே ஹீட்டர் போட்டு உட்கார்ந்து செய்யலாமே" என்றாள் மகள். வேண்டவே வேண்டாம் என்றேன். கராஜுக்குள் என்ஜினை ஓடவிட்டால் கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயு சேரும். அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. முதலில் தலைவலிக்கும், குமட்டும், பிறகு நினைவே தப்பிவிடும். உள் கதவு வழியாக, தூங்கும் குழந்தை வரை போய்விடும். பெரிய கதவைத் திறந்து வைத்துவிட்டால் மட்டும் ஆபத்து நீங்கிவிடாது. அதனால் வேனை வெளியே நிறுத்தினோம். என்ஜினும் ஓட வேண்டாம். பிரேக்கை மிதிக்காமல் ஸ்டார்ட் பொத்தானை அமுக்கினால் கரண்ட் மட்டும் வருகிறது. அதுவே போதும்.

முதல் வேலை, காரில் பழைய சொந்தக்காரர் பதிந்திருந்ததை அழிப்பது. ஓரத்து இரண்டு பொத்தான்களையும் சேர்த்து அமுக்கிக்கொண்டே இருந்தோம். சின்ன விளக்கு வேகமாக மின்னியதும் கையை எடுத்தோம். அத்தனை நாளும் யாரோ ஒருவர் வீட்டுக் கதவை அந்த வேன் ஞாபகம் வைத்திருந்திருக்கிறது, பாருங்கள்!

அடுத்தது பாடம். ரிமோட்டைக் கார் பொத்தானுக்கு இரண்டு அங்குலம் தள்ளிப் பிடித்துக்கொண்டு, இரண்டையும் ஒரே சமயத்தில் அமுக்கி விடாமல் பிடிக்க வேண்டும். விளக்கு முதலில் நிதானமாகச் சிமிட்டியது. எண்ணிக்கொண்டே இருந்தேன், இருபது எண்ணுவதற்குள் படபடவென்று அடித்துக்கொண்டது. கிளிப்பிள்ளை பாடத்தைப் பிடித்துக்கொண்டது!

"அவ்வளவுதானா பாட்டி?" என்றான் பேரன். அமுக்கிப் பார்த்தோம். கதவு அசையவில்லை.

காரணம் இருக்கிறது. பழைய ரிமோட்டுகள் எப்போதும் ஒரே சங்கேதத்தைத்தான் அனுப்பும். அதைத் திருடன் ஒட்டுக் கேட்டுக் காப்பியடிக்க முடிந்தது. அதனால் 1990களின் நடுவிலிருந்து, ஒவ்வொரு தடவை அமுக்கும்போதும் சங்கேதம் மாறும்படி செய்துவிட்டார்கள். கிளி பேசக் கற்றுக்கொண்டால் மட்டும் போதாது. "இவர் நம்மவர்" என்று மோட்டாரிடம் ஒரு தடவை அறிமுகம் செய்துவைக்க வேண்டும். புது மாப்பிள்ளையை வீட்டாருக்குக் காட்டுவதுபோல!

அந்த மூன்றாவது அமுக்கு

அறிமுகத்துக்குக் கெடு முப்பது விநாடிதான். நான் ஒருத்தியே ஏணியில் ஏறி 'லேர்ன்' பொத்தானைத் தட்டி, இறங்கி, வேனுக்கு ஓடுவதற்குள் கெடு முடிந்துவிட்டது. அறுபத்திரண்டு வயசில் அவ்வளவு வேகம்தான் வரும். மறுபடி இரண்டு பேராகப் பிரித்துக்கொண்டோம். நான் ஏணியில். மகள் வேனுக்குள். குழந்தை உள்ளே தொட்டிலில். பேரனை உள் கதவுப் படியில் உட்கார வைத்து, "அசையக் கூடாது கண்ணா" என்று சொல்லியிருந்தேன். பெரிய கதவு திறந்திருந்தது.

'லேர்ன்' பொத்தானைத் தட்டி, "அமுக்குடி!" என்று கத்தினேன். கார் பொத்தானை இரண்டு விநாடி அமுக்கிவிட்டாள். ஒன்றுமில்லை. மறுபடி. ஒன்றுமில்லை. மூன்றாவது அமுக்கு...

கடகடவென்று கதவு இறங்க ஆரம்பித்தது.

"அம்மா! வேலை செய்யுது!" என்று கூவிக்கொண்டே பேரன் எழுந்து, நேரே அம்மாவை நோக்கி, இறங்குகிற கதவுக்கு அடியில் ஓடினான்!

நான் ஏணி உச்சியில். குரல் எழும்பவில்லை. அந்த மாதிரிப் பெரிய கதவு நூறு கிலோ எடைகூட இருக்கும். 'முருகா' என்றுகூடச் சொன்னேனோ இல்லையோ, கதவு திடுக்கென்று நின்றது. பிறகு மெதுவாக மேலே போய்விட்டது. பிள்ளை அதற்குள் வேனருகே நின்று சிரித்துக்கொண்டிருந்தான். ஏணியிலிருந்து நான் எப்படி இறங்கினேன் என்று எனக்கே தெரியாது. அவனைக் கட்டிக்கொண்டு அழுதேன். திட்டவில்லை. தப்பு என்னுடையது. முதல் வரியை 'சரி, சரி' என்று தாண்டியவள் நான்தானே?

காப்பாற்றியது எது தெரியுமா? கதவின் இரு பக்கமும் தரையோரமாக, ஆறு அங்குலத்துக்கு மேற்படாத உயரத்தில் இரண்டு சின்னக் கண்கள் இருக்கின்றன. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குக் கண்ணுக்குத் தெரியாத ஒளிக்கதிர் போகிறது. பேரனின் கால் அதை மறித்ததும் கதவு திரும்பிவிட்டது. இது சும்மா வந்த வசதி இல்லை. அந்த நாட்டில் இத்தகைய கதவுகளில் சிக்கிக் குழந்தைகள் உயிர் விட்டிருக்கிறார்கள். அதன் பிறகே 1990இல் சட்டம் செய்து, 1993 ஜனவரி 1 முதல் தயாராகும் வீட்டுக் கதவு மோட்டார்களில் இப்படி ஒரு பாதுகாப்பு இருந்தே ஆக வேண்டும் என்றார்கள். யாரோ பெற்ற பிள்ளைகளின் உயிர் என் பேரனைக் காத்தது.

தாய்மார்கள் கவனிக்க வேண்டியவை

* காருக்குப் பாடம் சொல்லித் தரும்போது குழந்தைகளை வீட்டுக்குள் விட்டு, ஒரு பெரியவர் உடனிருக்கட்டும். கதவு எந்த நொடியிலும் நகரலாம்.

* மாதம் ஒரு முறை சோதியுங்கள். கதவு இறங்கும்போது, நீங்கள் விலகி நின்று, நீளமான துடைப்பத்தால் ஒளிக்கதிரை மறியுங்கள். கதவு திரும்ப வேண்டும். பிறகு ஒன்றரை அங்குல கனமுள்ள மரக்கட்டையைக் கதவின் நடுவில் தரையில் படுக்க வைத்து இறக்குங்கள். கட்டையில் பட்டதும் திரும்ப வேண்டும். திரும்பாவிட்டால் பழுது பார்க்கும்வரை மோட்டாரை உபயோகிக்காதீர்கள்.

* சுவரிலுள்ள பொத்தான் ஐந்து அடி உயரத்துக்குக் கீழே இருக்கக் கூடாது. ரிமோட் விளையாட்டுச் சாமான் அல்ல.

* குடிபோன புது வீட்டில் முதல் நாளே பழைய ரிமோட்டுகளையெல்லாம் அழித்துவிடுங்கள். காரை விற்கும்போது ஓரத்துப் பொத்தான்களை அமுக்கிக் காரின் ஞாபகத்தையும் அழியுங்கள்.

* கராஜிலிருந்து வீட்டுக்குள் வரும் சின்னக் கதவை ராத்திரி கட்டாயம் பூட்டுங்கள்.

* பொத்தான் இருக்கும் இடம், அமுக்க வேண்டிய நேரம், விளக்கு சிமிட்டும் விதம் எல்லாம் மோட்டாருக்கு மோட்டார், காருக்குக் கார் கொஞ்சம் மாறும். உங்கள் புத்தகத்தைப் பாருங்கள், முதல் வரியிலிருந்து!

நம்மூர் பங்களாக்களிலும் அடுக்குமாடிகளிலும் இப்போது ரிமோட் கேட்டுகள் வந்துவிட்டன. பெயர்தான் வேறு. கனமான கதவும் துறுதுறுவென்ற பிள்ளைகளும் எங்கும் ஒன்றுதான்.

மூன்று நாள் கழித்துக் கடையிலிருந்து போன் வந்தது. பை கிடைத்துவிட்டதாம்! உள்ளே ரிமோட், ஒரு பொம்மைக் கார், பாதி கடித்த பிஸ்கட், எல்லாம் பத்திரமாக இருந்தன. "வீணா அவ்வளவு பாடு பட்டோமேம்மா" என்றாள் மகள். வீணாவது? மூன்று ராத்திரி நிம்மதியாகத் தூங்கினோமே!

பேரன் அந்த ரிமோட்டைக் கதவுக்கு முன்னால் நீட்டி அமுக்கிப் பார்த்தான். கதவு அசையவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்து, "பாட்டி, கதவுக்கு இது யாருன்னு மறந்து போச்சு" என்றான்.

"ஆமாண்டா கண்ணா. நாளைக்கு மறுபடி சொல்லிக் கொடுக்கலாம். ஆனா நீ உள்ளே, என் மடியில. உங்க அப்பா ஊர்லேர்ந்து வந்து ஏணி ஏறட்டும்" என்றேன்.