உஷார்! வள்ளிக்கிழங்கு என்று நம்பி அவித்துவிடாதீர்கள்

வேலியோரத்தில் செங்காந்தள் பூத்திருந்தால் கண்ணை எடுக்க முடியாது. தமிழ்நாட்டின் மாநிலப் பூ அது. ஆனால் அந்தக் கொடியின் கிழங்கைத் தின்றால் உயிருக்கே ஆபத்து! விதை, இலை, பூ எதுவும் விதிவிலக்கில்லை. செடி முழுக்க விஷம்.

திண்டுக்கல், கரூர், திருப்பூர் பக்கத்தில் இதைக் கண்வலிக் கிழங்கு என்று பயிரிடுகிறார்கள். விதையிலுள்ள கோல்ச்சிசின் என்னும் விஷப்பொருள் மருந்துக்காகப் போகிறது. கவுட் என்னும் மூட்டுவாதத்துக்குத் தரும் மாத்திரை ஒன்றில் அது இருப்பது அரை மில்லிகிராம்தான். உடல் எடையில் கிலோவுக்கு 0.8 மில்லிகிராமைத் தாண்டி உள்ளே போனால் பிழைப்பது அரிது.

மழைக்காலம் முடிந்ததும் கொடி காய்ந்து மடிந்துவிடும். இலையும் இருக்காது, பூவும் இருக்காது. கிழங்கு மட்டும் மண்ணுக்குள் உயிரோடு கிடக்கும். ஏமாறுவது அப்போதுதான். இலங்கையில் வற்றாளைக் கிழங்கு, அதாவது நம் சர்க்கரைவள்ளி, என்று நினைத்து இதைத் தின்று இறந்தவர்கள் உண்டு. அவித்தாலும் விஷம் முறியாது.

எப்படி அடையாளம் காண்பது? கிழங்கு பெரும்பாலும் கலப்பை மாதிரி இரண்டாகப் பிரிந்து வளைந்திருக்கும். கொடி பச்சையாக இருந்தால் இலை நுனியைப் பாருங்கள். நுனியே பற்றுக்கம்பியாக நீண்டு, சுருண்டு, பக்கத்துக் குச்சியைப் பிடித்திருக்கும். சர்க்கரைவள்ளி இலையில் அது கிடையாது. சர்க்கரைவள்ளிக் கிழங்கை நறுக்கினால் பாலும் கசியும். துளி சந்தேகம் இருந்தாலும் வாயில் வைக்காதீர்கள்.

தின்ற சில மணி நேரத்தில் வாந்தி, வயிற்றுப்போக்கு பிடித்துக்கொள்ளும். பிறகு கொஞ்சம் தணிந்தது போலத் தெரியலாம். நம்பாதீர்கள்! கோல்ச்சிசின் செல்கள் பிரிவதையே தடுக்கிறது. குடலின் உட்சுவர், எலும்பு மஜ்ஜை என்று வேகமாகப் பெருகும் செல்கள்தான் முதலில் அடிபடும். இரண்டாம், மூன்றாம் நாளில் இதயம், சிறுநீரகம் வரை செயலிழக்கலாம். பிழைத்தவர்களுக்கும் ஓரிரு வாரத்தில் தலைமுடி கொத்துக் கொத்தாக உதிர்வதுண்டு. இதற்கென்று முறிமருந்து புழக்கத்தில் இல்லை.

யாராவது தின்றுவிட்டால் கைவைத்தியம் பார்த்து நேரத்தைப் போக்காதீர்கள். உடனே 108-ஐ அழையுங்கள். மிச்சக் கிழங்கையும் ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போங்கள்; என்ன விஷம் என்று டாக்டருக்குச் சீக்கிரம் தெரியும். அவர் அனுப்பும்வரை வீட்டுக்குத் திரும்பாதீர்கள்.

பயிரிடுபவர்களே, விதைக்கிழங்குச் சாக்கைச் சமையல்கட்டுப் பக்கம் வைக்காதீர்கள். அறுவடை முடிந்த காட்டில் குழந்தைகளைக் கிழங்கு பொறுக்க விடாதீர்கள். களை எடுக்க வருபவர்களுக்கும் இன்றே சொல்லிவிடுங்கள்.