உஷார்! ரத்தம் எடுத்த குழாய்க்குள்ளேயே சர்க்கரை கரைகிறது

கிள்ளானில் ஒரு கிளினிக். காலை எட்டரைக்கு வெறும் வயிற்றோடு ரத்தம் கொடுத்தார் அம்மா. பன்னிரண்டரைக்கு மருந்து வாங்க மறுபடி போனேன். அவர் பெயர் ஒட்டிய மஞ்சள் மூடிக் குழாய் முகப்பு மேசையிலேயே நிற்கிறது, கண்ணாடிக் கதவு வழியே வெயில் அதன்மேல் விழ! "லேப் மோட்டார் இன்னும் வரலைங்க" என்றது அங்கிருந்த பிள்ளை.

எனக்குப் பகீர் என்றது. குழாய்க்குள் போன பிறகும் ரத்த அணுக்களுக்கு உயிர் உண்டு. சர்க்கரையைத் தின்றுகொண்டே இருக்கும். சுழற்றிப் பிரிக்காமல் வைத்தால் மணிக்கு 5 முதல் 7 சதவிகிதம் குறையும். நம்மூர் வெக்கையில் இன்னும் வேகம். எடுத்தபோது 7.6 இருந்தது நான்கு மணி நேரத்தில் 6-க்கு வந்துவிடும். இனிப்பு நீர் என்று சொல்லும் எல்லைக்கோடு 7.0. நோய் உடம்பில் இருக்கும், ரிப்போர்ட்டில் இருக்காது. 2019 மலேசியத் தேசிய சுகாதார ஆய்வில் பெரியவர்களில் 18.3 சதவிகிதம் பேருக்குச் சர்க்கரை அதிகம். அவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு அது தெரியவே தெரியாது. இந்தியர்கள்தான் முன்னணியில். நமக்கா இந்த அலட்சியம்?

சாம்பல் மூடிக் குழாயில் ஃபுளோரைடு இருக்கிறது, தின்பதைத் தடுக்கும். அதுவும் முதல் ஒன்றிரண்டு மணி நேரம் முழுதாகத் தடுக்காது. மூன்று மாதச் சராசரி சொல்லும் எச்பிஏ1சிக்கு இந்தத் தாமதம் பெரிய பாதிப்பில்லை; அதையும் சேர்த்து எடுக்கச் சொல்லுங்கள்.

பொட்டாசியத்தின் கதை நேர்மாறு. அது ஏறும். பிரிக்காத ரத்தத்தை ஃபிரிட்ஜில் வைத்தாலும் அணுக்களிலிருந்து கசியும். கையை இறுக்கி மூடி மூடித் திறந்தாலும், ஊசியில் அணுக்கள் உடைந்தாலும் கூடும். ஊதா மூடிக் குழாயில் இருப்பதே பொட்டாசிய உப்பு. ரத்தம் போதவில்லை என்று அதிலிருந்து கொஞ்சம் மஞ்சள் குழாயில் ஊற்றினால் பொட்டாசியம் எகிறும், கால்சியம் சரியும்.

பிரிக்பீல்ட்ஸ் மண்டபத்து இலவச முகாமோ, வீட்டுப் பக்கத்துக் கிளினிக்கோ, கேளுங்கள்: "லேப் எத்தனை மணிக்கு எடுக்கும்? இங்கேயே சுழற்றிப் பிரிப்பீர்களா?" எடுத்த நேரத்தைக் குழாயில் உங்கள் கண்முன் எழுதச் சொல்லுங்கள். எண் சந்தேகமாக இருந்தால், மருந்தளவை மாற்றும் முன் மறுபடி எடுக்கலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

ஒன்று மட்டும் வேண்டாம். பொட்டாசியம் 6-ஐத் தாண்டியிருந்தால், "குழாய்க் கோளாறுதான்" என்று நீங்களே முடிவு கட்டி வீட்டில் உட்காராதீர்கள். சிறுநீரக நோயாளியோ டயாலிசிஸ் செய்பவரோ என்றால் ஒரு நிமிடமும் தாமதிக்க வேண்டாம். அன்றே அவசரப் பிரிவுக்குப் போய் இசிஜி எடுங்கள், ரத்தத்தையும் அங்கேயே மறுபடி கொடுங்கள்.