காதால் ஆடும் ஆட்டம்

ஒரு சதுரம் ஓடுகிறது. திரையைத் தொட்டால் குதிக்கும். தொடாவிட்டால் நேரே ஓடிக்கொண்டே இருக்கும். வழியில் முள் வரும், சுவர் வரும், பள்ளம் வரும். எதில் மோதினாலும் சதுரம் வெடித்துச் சிதறும். ஆட்டம் மறுபடி முதலிலிருந்து. கூடவே பாட்டும் முதலிலிருந்து. மூன்று உயிர் என்ற கணக்கு இதில் கிடையாது. விட்ட இடத்திலிருந்து தொடரும் வசதியும் அசல் ஆட்டத்தில் கிடையாது. 98 சதவீதம் வரை வந்து விழுந்தாலும் பூஜ்யத்துக்குத்தான் திரும்ப வேண்டும். எத்தனையாவது முயற்சி என்பதைத் திரையே எண்ணிக் காட்டும்.

‘ஜியாமெட்ரி டேஷ்’ விளையாட்டின் மொத்த விதியும் இவ்வளவுதான். ஸ்வீடனைச் சேர்ந்த ஓர் இளைஞர் தனியாளாக உருவாக்கி, 2013 ஆகஸ்ட்டில் செல்போனுக்கும் 2014 டிசம்பரில் கணினிக்கும் கொண்டுவந்தார். 2017 ஜனவரிக்குப் பிறகு அடுத்த பெரிய புதுப்பிப்பு வந்தது 2023 டிசம்பரில். இடைப்பட்ட ஏறத்தாழ ஏழு ஆண்டுகளில் ரசிகர்கள் கலைந்து போகவில்லை, பெருகினார்கள்.

இப்படி ஈவிரக்கமில்லாத ஒரு விளையாட்டைப் பிள்ளைகள் ஏன் விடாமல் ஆடுகிறார்கள்? பெற்றோருக்குப் பிள்ளையின் விரலும் கண்ணும்தான் தெரிகின்றன. உண்மையில் வேலை செய்வது காது. இந்த ஆட்டத்தின் கவர்ச்சியும் அங்கேதான். கவலைப்பட வேண்டிய இடமும் அதுதான்.

பாட்டே பாதை

ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு பாட்டு. பெரும்பாலானவை எலெக்ட்ரானிக் நடன இசை. கட்டத்தின் நீளம் பெரும்பாலும் ஒன்றரை நிமிடம். பாட்டும் பாதையும் ஒரே நொடியில் தொடங்கி ஒரே வேகத்தில் ஓடுவதால், பாட்டில் எங்கே இருக்கிறோம் என்று தெரிந்தால் பாதையில் எங்கே இருக்கிறோம் என்றும் தெரிந்துவிடும்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் இதன் நுட்பம் புரியும். வழக்கமான வேகத்தில் சதுரம் நொடிக்குப் பத்துக்குச் சற்று அதிகமான கட்டைகளைக் கடக்கிறது (ஒரு கட்டை என்பது சதுரத்தின் அகலம்). நிமிடத்துக்கு 160 பீட் விழும் பாட்டில் ஒரு பீட்டுக்கும் அடுத்த பீட்டுக்கும் இடைவெளி 0.375 நொடி. அந்த இடைவெளியில் சதுரம் ஏறத்தாழ நான்கு கட்டை தூரம் போய்விடும். முள்ளை நான்கு கட்டைக்கு ஒன்று வைத்தால், ஒவ்வொரு குதிப்பும் பீட்டில் விழும். ஆடுபவருக்குத் தான் பாட்டுக்கு ஆடுகிறோமா, பாட்டை வாசிக்கிறோமா என்ற மயக்கமே வந்துவிடும்.

முதல் கட்டமான ‘ஸ்டீரியோ மேட்னஸ்’ இதற்கு நல்ல பாடம். தொடக்கத்தில் ஒற்றை முள், பிறகு இரட்டை முள், பிறகு படி. பாட்டு அடுத்த பகுதிக்குள் நுழையும்போது சதுரம் ஷிப்பாக மாறிப் பறக்கத் தொடங்குகிறது. விரலை அழுத்திப் பிடித்தால் மேலே, விட்டால் கீழே. காட்சி மாறப்போகிறது என்பதைக் கண்ணுக்கு முன்னால் காதுக்குச் சொல்லிவிடுகிறார்கள். தரையையும் கூரையையும் புரட்டிப் போடும் பந்து, குறுக்கும் நெடுக்குமாகக் கிழித்துப் போகும் அலை, சட்டென்று எதிர்ப்பக்கம் தாவும் சிலந்தி என்று பின்னால் வரும் வடிவங்களையும் இதே முறையில்தான் பழக்குகிறார்கள்.

ஆடுபவர்களே புதிய கட்டங்களை உருவாக்கும் பகுதியும் இதில் உண்டு. அங்கே முதல் வேலை பாட்டைத் தேர்ந்தெடுப்பது. பாட்டை ஓடவிட்டு, பீட் விழும்போதெல்லாம் திரையில் தட்டினால், தட்டிய இடங்களில் செங்குத்துக் கோடுகள் விழும். அந்தக் கோடுகளை வைத்துத்தான் முள்ளையும் படியையும் அடுக்குகிறார்கள். உருவாக்கியவர், தான் வைத்த முள்ளைத் தானே தாண்டி முடித்துக் காட்டினால்தான் கட்டத்தை ஊருக்கு வெளியிட முடியும். இந்த நேர்மையான விதி எனக்கு மிகவும் பிடித்தது.

கடினமான கட்டங்களுக்கு ‘டெமன்’ என்று பெயர். அதிலும் ஈஸி, மீடியம், ஹார்டு, இன்சேன், எக்ஸ்ட்ரீம் என ஐந்து படிகள். 2015-ல் வந்த ‘பிளட்பாத்’ அந்தக் காலத்தில் உச்சமாகப் பேசப்பட்டது. இத்தகைய கட்டங்களை முடிக்கப் பல்லாயிரம் முயற்சிகள் எடுத்தவர்கள் உலகம் முழுவதும் இருக்கிறார்கள்.

“கேளுங்க மாமா”

என் அக்கா மகன் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறான். அவன் ஆடுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். பிறகு போனை என்னிடம் கொடுத்தான். முள் வருவதைப் பார்த்து, பிறகு தட்டினேன். ஒவ்வொரு முறையும் வெடித்தது. “பார்த்துத் தட்டினா லேட்டாயிடும் மாமா. பார்க்காதீங்க, கேளுங்க” என்றான். ஹெட்போனைக் கழற்றி என் காதில் மாட்டிவிட்டு, என் முழங்காலில் விரலால் தாளம் போட்டான். அந்தத் தாளத்துக்குத் தட்டியபோது இரட்டை முள்ளைத் தாண்டினேன்.

அவன் சொன்னது அனுபவப் பேச்சு மட்டுமல்ல. மனிதன் ஒளியைவிட ஒலிக்கு விரைவாக எதிர்வினை காட்டுகிறான் என்பது நெடுங்காலமாகச் சோதித்து அறிந்த உண்மை. வெளிச்சத்தைப் பார்த்துப் பொத்தானை அழுத்த நொடியில் ஐந்தில் ஒரு பங்கு பிடிக்கிறது என்றால், ஓசையைக் கேட்டு அழுத்த அதைவிடக் குறைவான நேரம் போதும். சீராக விழும் தாளம் என்றால் காத்திருக்கவே தேவையில்லை. அடுத்த பீட் எப்போது விழும் என்று மூளை முன்கூட்டியே கணித்துவிடும். தாளத்துக்கு விரல் தட்டச் சொன்னால், பெரும்பாலோர் பீட் விழுவதற்குக் கண்ணிமைக்கும் நேரம் முன்பாகவே தட்டிவிடுவார்கள். மிருதங்கம் கற்கும் பிள்ளை கையில் தாளம் போட்டுப் பழகுவதுபோல, இந்தப் பிள்ளைகள் தோற்றுத் தோற்றுத் தாளத்தை உடம்பில் ஏற்றிக்கொள்கிறார்கள்.

இந்த ஆட்டத்தில் பயிற்சி முறை ஒன்றும் உண்டு; அதில் மட்டும் விழுந்த இடத்துக்குச் சற்று முன்னிருந்து தொடரலாம். ஆனால் அங்கே வழக்கமாகக் கட்டத்தின் பாட்டுக்குப் பதிலாக வேறொரு பாட்டு ஒலிக்கும். பயிற்சியில் கண்ணால் படித்த பாதையை அசல் ஆட்டத்தில் காதால் மறுபடி படிக்க வேண்டியிருக்கிறது. தோல்வியைத் தாங்கும் மனம், பொறுமை, தாள உணர்வு ஆகிய மூன்றையும் இந்த ஆட்டம் வளர்க்கிறது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. கண் கெடும், படிப்பு கெடும், நேரம் வீணாகும் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். அதற்கு நேர ஒழுங்குதான் மருந்து.

என்னை உறுத்துவது வேறு. அவன் ஹெட்போனை என் காதில் மாட்டிய கணத்தில் நான் திடுக்கிட்டேன். சத்தம் அவ்வளவு அதிகம். அவன் அதோடுதான் மணிக்கணக்கில் இருக்கிறான்.

சத்தம் ஏன் ஏறுகிறது?

மற்ற விளையாட்டுகளில் சத்தத்தை அணைத்துவிட்டும் ஆடலாம். இதில் பீட் கேட்காவிட்டால் பாதை தெரியாது. மின்விசிறி ஓடும், அடுப்படியில் மிக்ஸி ஓடும், கூடத்தில் டிவி ஓடும். இவற்றையெல்லாம் மீறி பீட்டைக் கேட்கப் பிள்ளை ஒலியைக் கூட்டுகிறான். கூட்டிய ஒலி சில நிமிடங்களில் பழகிப்போகிறது. மறுபடி கூட்டுகிறான்.

புளூடூத் இயர்போனை மாட்டினால் ஒலி தாமதமாக வரும். 0.2 நொடி தாமதித்தால் சதுரம் அதற்குள் இரண்டு கட்டை தூரம் போய்விடும். அமைப்புகளில் அந்த இடைவெளியைச் சரிசெய்ய வசதி இருந்தாலும், தீவிரமாக ஆடுபவர்கள் பலர் வயர் ஹெட்போனையே நாடுகிறார்கள். காதோடு நன்றாகப் பொருந்தாத மலிவான இயர்போன் என்றால் வெளிச்சத்தம் உள்ளே புகும். அதை அமுக்க ஒலியை மேலும் ஏற்ற வேண்டிவரும்.

பாட்டின் தன்மையும் சேர்ந்துகொள்கிறது. நடன அரங்குக்காக உருவான இசை இது. மெல்லிய இடத்துக்கும் உரத்த இடத்துக்கும் வித்தியாசம் குறையும்படி அழுத்திப் பதிவு செய்யப்பட்ட பாடல்கள் இதில் ஏராளம். காதுக்கு ஓய்வு கிடைப்பதில்லை. சதுரம் வெடிக்கும் ஓசையும் ஒவ்வொரு தோல்விக்கும் காதுக்குள் வந்து விழுகிறது.

பாதுகாப்பாகக் கேட்பதற்கு உலக அளவில் வகுத்திருக்கும் வரம்பு இது: பெரியவர்களுக்கு வாரத்துக்கு 40 மணி நேரம், 80 டெசிபல், குழந்தைகளுக்கு அதே 40 மணி நேரத்துக்கு 75 டெசிபல். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் ஒலியாற்றல் இரு மடங்காகிறது. கேட்கக்கூடிய நேரம் பாதியாகிறது. இந்தக் கணக்குப்படி 84 டெசிபலில் ஒரு குழந்தை வாரத்துக்கு ஐந்து மணி நேரம்தான் கேட்கலாம். 90 டெசிபலில் ஒன்றேகால் மணி நேரம். ஒலியை முழுதாக வைத்தால் பல போன்களில் இயர்போன் வழியே 100 டெசிபலை எட்டிவிட முடியும். அந்த அளவில் ஒரு வாரத்துக்கு உரிய நேரம் பத்து நிமிடம்கூட இல்லை.

உட்செவியில் ஒலியை உணரும் முடிச்செல்கள் பிறவியில் சுமார் 15,000 இருக்கும். செத்துப்போனவை மறுபடி முளைக்காது. சத்தத்தால் வரும் பாதிப்பு வழக்கமாக 4,000 ஹெர்ட்ஸ் அளவிலான உயர்ந்த ஒலிகளில்தான் தொடங்கும். அதனால் ஆரம்பத்தில் பிள்ளைக்கே தெரியாது. பேச்சு கேட்கும், ஆனால் கூட்டத்தில் யார் என்ன சொன்னார் என்று பிரித்தறிய முடியாது. வகுப்பில் “என்ன சார்?” என்று திரும்பக் கேட்பான், கவனம் இல்லாதவன் என்று பெயர் வாங்குவான். சிலருக்குக் காதுக்குள் ஓயாத இரைச்சல் நிலைத்துவிடும்.

போனைப் பிடுங்க வேண்டாம்

பெற்றோருக்குச் சொல்வது ஒன்றுதான். போனைப் பிடுங்காதீர்கள், ஹெட்போனை ஒரு முறை உங்கள் காதில் மாட்டிப் பாருங்கள். கையெட்டும் தூரத்தில் நின்று நீங்கள் பேசுவது பிள்ளைக்குக் கேட்கவில்லை என்றால் சத்தம் அதிகம். பல போன்களில் ஒலிக்கு உச்ச வரம்பு வைக்கும் வசதி இருக்கிறது. 60 சதவீதத்துக்கு மேல் போகாதபடி பூட்டிவிடுங்கள். இந்த ஆட்டத்தின் அமைப்புகளில் பாட்டுக்குத் தனியாகவும் வெடிப்பு ஓசைக்குத் தனியாகவும் ஒலியளவு வைக்கலாம். வெடிப்பு ஓசையை அடியோடு குறைத்துவிட்டால் பீட் குறைந்த சத்தத்திலேயே தெளிவாகக் கேட்கும். அமைதியான அறையில் போனின் ஸ்பீக்கரிலேயே ஆடவிடுவது இன்னும் நல்லது. உங்களுக்குக் கொஞ்சம் தொந்தரவாக இருக்கும். பிள்ளையின் காது பிழைக்கும்.

பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. தினமும் ஆடி முடித்ததும் காதுக்கு ஓய்வு கொடுங்கள். ஆடிய பிறகு காதில் ‘ங்ங்’ என்று இரைந்தாலோ, அடைத்ததுபோல் இருந்தாலோ, அன்றைக்கு ஆட்டம் முடிந்தது என்று வையுங்கள். அந்த அறிகுறி மறுபடி மறுபடி வந்தால் வீட்டில் மறைக்காமல் சொல்லுங்கள்; காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் ஆடியோமெட்ரி பரிசோதனை செய்துகொள்ளுங்கள். வலிக்காத பரிசோதனை அது, அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். ஆட்டத்தில் எத்தனை முறை வேண்டுமானாலும் முதலிலிருந்து தொடங்கலாம். காதுக்கு அந்த வாய்ப்பு இல்லை. இன்றே ஒலியைக் குறையுங்கள்.