கோப்பின் பாயிரம்

நூலொன்றை இயற்றுவார் அதன் முகப்பிற் பாயிரம் அமைத்தல் தமிழ் மரபு. நூல் செய்தார் பெயர், நூலின் பெயர், அது வழங்கும் எல்லை, அதனாலாம் பயன் முதலிய எட்டுச் செய்திகளைச் சிறப்புப் பாயிரம் கூறவேண்டுமென்பது இலக்கண நூலார் கொள்கை. பாயிரம் நூலன்று, எனினும் அஃதின்றேல் நூல் யாருடையது, எதன்பொருட்டு எழுந்தது என்பன விளங்கா. கணிப்பொறியில் எழுதி வைக்கப்பெறும் ஒவ்வொரு கோப்புக்கும் இத்தகைய பாயிரமொன்று உண்டு. கோப்பின் பெயர், அளவு, கடைசியாகத் திருத்தப்பெற்ற நேரம், உடையவர், அதனைப் படிக்கவும் எழுதவும் உரிமையுடையார் என்னும் இக்குறிப்புகளை மெட்டாடேட்டா என வழங்குவர்.

இக்குறிப்புகள் பெரும்பாலும் கோப்பினுள்ளே இருப்பனவல்ல. கணிப்பொறியை நடத்தும் இயங்குதளம் தனக்கெனப் பேணும் கணக்கில் இருப்பன. விண்டோஸ், லினக்ஸ், மாக் ஓஎஸ் ஆகிய ஒவ்வொன்றும் தன்றன் முறையிற் கணக்கெழுதும். ஆதலின் கோப்பு ஓரிடத்தினின்று மற்றோரிடஞ் செல்லுங்கால் உள்ளடக்கம் குன்றாது சேர்ந்தும், பாயிரம் சிதைந்துபோதல் கூடும். அதனால் விளையுங் கேடு யாதென்பதனை ஓர் உதாரணத்தால் விளக்குவாம்.

ஸ்ரீபெரும்புதூர் வட்டத்துப் பிள்ளைப்பாக்கத்தில் இன்று சிப்காட் தொழிற்பூங்கா விளங்குகின்றது. ஆங்குள்ள தொழிற்சாலையொன்றில் ஒருவர் மாலை 4 மணிக்கு ஓர் இயந்திர உறுப்பின் வரைபடத்தை முடித்து, ஜிப் என்னும் பொதியிலிட்டு ஜெர்மனிக்கு அனுப்புகின்றாரெனக் கொள்வோம். ஜிப் பொதியின் அடிப்படைத் தலைப்பு, பழைய டாஸ் முறைப்படி உள்ளூர் நேரத்தை மட்டும் 2 விநாடிக்கு ஓர் அலகாகக் குறிக்கும். எவ்வூர் நேரமென்பதனைக் குறியாது. குளிர்காலத்தில் ஜெர்மனியின் நேரம் நம் நேரத்துக்கு நாலரை மணி பிந்தியது. எனவே நமது 4 மணி அவர்க்கு முற்பகல் 11.30. ஆயினும் அவர் திறக்கும் கோப்போ 4 மணி என்றே காட்டும். அவர் அவ்வரைபடத்தைத் தம் நேரம் 2 மணிக்குத் திருத்தினால், உண்மையிற் பிந்திய திருத்தம் முந்தியதாகவும், பழைய படமே புதியதாகவும் தோன்றும். பழைய படத்தின்படி உலோகம் வெட்டப்பெற்றால் பொருள் வீணாவதோடு, குற்றமற்ற தொழிலாளி பழியேற்கவும் நேரும்.

நேரத்தைப் பொதுக்கணக்கில் வைப்பாருள்ளும் தொடக்கம் வேறுபடும். யூனிக்ஸ் வழிவந்தன 1970 ஜனவரி 1 முதல் விநாடிகளை எண்ணும். விண்டோஸின் என்டிஎஃப்எஸ் முறையோ 1601 ஜனவரி 1 முதல் விநாடியின் கோடியில் ஒரு பங்கை அலகாகக் கொண்டு எண்ணும். இவ்விரண்டற்கும் இடையே 1,164 கோடியே 44 லட்சத்து 73 ஆயிரத்து 600 விநாடிகள் உள. தொடக்கம் அறியப்பட்டதாயின் கழித்துக் கண்டுகொள்ளலாம்; அறியப்படாததாயின் எண் வெற்றெண்ணேயாம்.

இனிப் பெயரை நோக்குவாம். ஈண்டுத் தமிழர்க்குத் தனியே ஓர் இடர்ப்பாடு உண்டு. ‘கோபுரம்’ என்னுஞ் சொல்லின் முதலெழுத்தை யூனிக்கோடு முறையில் இருவகையால் எழுதலாம்: ககரத்தோடு ஓகாரக் குறியொன்றைச் சேர்த்தல் ஒருவகை, இரட்டைக் கொம்பையும் காலையும் தனித்தனியே சேர்த்தல் மற்றொருவகை. யூடிஎஃப்-8 குறிமுறையில் முன்னது 6 பைட், பின்னது 9 பைட். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. 1998இல் வந்த ஆப்பிளின் எச்எஃப்எஸ் பிளஸ் முறை பெயர்களைப் பிரித்தே எழுதி வைத்தது. லினக்ஸோ பெரும்பாலும் தந்த பைட்களை அவ்வாறே கொள்ளும். ஆதலின் ஒன்றிலிருந்து மற்றொன்றிற்குப் பெயர்ந்த கோப்பினைச் சேர்த்தெழுதிய பெயராற் றேடுவார்க்கு, அது கண்ணெதிரே இருந்தும் இல்லையென்னும் விடையே கிடைக்கும். ஒகரம், ஓகாரம், ஔகாரம் ஏறிய உயிர்மெய்கள் யாவற்றிற்கும் இவ்விடர் பொருந்தும். ஆங்கிலத்திற் பெயரிடுவார் இதனை உணரார். தமிழிற் பெயரிடுவாரே உணர்வர். இதற்கஞ்சித் தமிழ்ப் பெயரைக் கைவிடுதல் நோய்க்கஞ்சி உறுப்பைக் களைதல் போலாம்.

உரிமைக் குறிப்பும் இத்தகையதே. யூனிக்ஸ் முறை உடையவர், குழுவினர், ஏனையோர் என மூவகையார்க்கும் படித்தல், எழுதுதல், இயக்குதல் என மும்மூன்றாக ஒன்பது உரிமைகளைக் கூறும். விண்டோஸ் ஒவ்வொருவர்க்கும் தனித்தனியே உரிமை வகுத்த பட்டியலொன்றை வைக்கும். பட்டியலை ஒன்பதினுள் அடக்கப் புகின் சில உரிமைகள் உதிரும். மேலும் யூனிக்ஸ் உடையவரை எண்ணாற் குறித்தலின், ஒரு பொறியில் 1001 என்னும் எண் பெற்றவர் ஒருவராகவும், பிறிதொன்றில் அவ்வெண்ணுடையார் வேறொருவராகவும் இருத்தல் கூடும்.

இவற்றிற்குப் பரிகாரம் யாது? டார் என்னும் பொதிமுறையின் வரலாறு வழிகாட்டுகின்றது. 1979இல் யூனிக்ஸோடு வெளிவந்த அம்முறையிற் பெயருக்கு 100 பைட் இடமே இருந்தது. தமிழ்க்குறி ஒவ்வொன்றும் 3 பைட் கொள்ளுதலின், 33 குறிகளிலேயே அவ்விடம் நிரம்பிவிடும். 1988இல் வந்த போசிக்ஸ் தரம் இடத்தைப் பெருக்கியதோடு, எண்ணுடன் உடையவர் பெயரையும் எழுத இடந்தந்தது. 2001இல் வகுக்கப்பெற்ற பாக்ஸ் முறையோ குறிப்பின் பெயர், சமக்குறி, மதிப்பு என எவரும் படிக்கக்கூடிய எழுத்துவடிவில் வேண்டிய நீளத்துக்கு எழுதவைத்தது. பெயர்களுக்கு யூடிஎஃப்-8 முறையை விதித்தது. புதிய குறிப்புச் சொற்களுக்கும் இடந்தந்தது.

இதனாற் பெறப்படும் நெறிகள் நான்கு. நேரத்தைப் பொதுநேரத்திலேனும், +05:30 என்பதுபோல வேறுபாட்டைச் சேர்த்தேனும் எழுதுக. பெயரை அனுப்புமுன் ஒரே வடிவமாகச் சீர்செய்க. எண்ணோடு பெயரையும் வைக்க. மாற்றவியலாத குறிப்பை மறைத்தொழிக்காது, மூலவடிவிலேயே உடன் அனுப்பி, இழந்தது யாதென அறிவிக்க. இந்நான்கனுள்ளும் இறுதியதே தலையாயது. குறைபாடு தெரிந்தால் திருத்தலாம், தெரியாத குறைபாடோ உண்மைபோல் நிலைத்துவிடும்.

நம் ஆய்வேடுகளும், பழஞ்சுவடிகளின் படங்களும், மாணவர் பதிவேடுகளும் இன்று கோப்புகளாகவே சேமிக்கப்பெறுகின்றன. அவற்றைப் பின்வருவார் எந்தப் பொறியிற் றிறப்பரென நாம் அறியோம். எப்பொறியில் திறப்பினும் இஃது இன்னாரது, இன்ன நாளில் எழுதப்பட்டது என்று அவை கூறுமாறு செய்து வைத்தல் இன்று எழுதுவாராகிய நம் கடமையாம்.