திருச்சி, ஸ்ரீரங்கம் பகுதியில் அன்னாசி வருமா? நடுவதற்கு முன் பார்க்க வேண்டியவை

‘அன்னாசிக்குத் தண்ணீர் அதிகம் வேண்டாம், நிழலிலும் வரும்’ என்று கேள்விப்பட்டு, தென்னைக்கு இடையில் நடலாமா என யோசிக்கும் விவசாயிகள் உண்டு. இரண்டுமே உண்மைதான். ஆனால் இது ஒன்றரை ஆண்டுக்கு மேல் நிலத்தைப் பிடித்து வைக்கும் பயிர். மண் ஒத்துக்கொள்ளுமா என்று பார்க்காமல் கன்றில் பணம் போடக் கூடாது.

அன்னாசி, புரோமிலியேசி என்ற குடும்பத்தைச் சேர்ந்தது. தென் அமெரிக்காவிலிருந்து போர்த்துகீசியர் மூலம் இங்கு வந்தது. வெயிலில் இலைத் துளைகளை மூடிக்கொண்டு, இரவில் திறந்து காற்றை வாங்கும். அதனால்தான் நீர்ச் செலவு குறைவு. குழிந்த இலைகள் பனியையும் தூறலையும் குருத்துக்கு இறக்கிவிடும். வேரோ மேல் மண்ணோடு நின்றுவிடும். அந்த வேரைச் சுற்றித் தண்ணீர் தேங்கினால் குருத்தழுகல் நோய் வந்து, நடுக்குருத்து கையோடு வந்துவிடும். வறட்சியைவிட இந்தப் பயிருக்குத் தேங்கும் நீர்தான் எமன்.

இதற்கு ஏற்ற இடம் 500 முதல் 700 மீட்டர் உயரமுள்ள, ஈரப்பதம் நிறைந்த மலைச்சரிவு. பக்கத்தில் கொல்லிமலையில் இது நன்றாக விளைகிறது. சமவெளியில் நிழலில் மட்டுமே முயல வேண்டும். திருச்சி கோடை வெயிலில் திறந்தவெளிப் பழம் ஒரு பக்கம் வெந்துவிடும்.

மண்ணின் கார அமில நிலை 5.5 முதல் 7 வரை இருக்க வேண்டும். திருச்சி மாவட்டத்தில் களர் நிலம் கணிசமாக உள்ளது. அங்கே இரும்புச்சத்து கிடைக்காமல் இலை வெளுத்து, செடி தேங்கிவிடும். இரும்பு சல்பேட் தெளித்துச் சமாளிக்கலாம் என்பார்கள். லேசான குறைக்கு அது சரி, களர் மண்ணுக்கு அது மருந்தல்ல. மண்ணோடு கிணற்று நீரையும் சிறுகமணி வேளாண் அறிவியல் நிலையத்தில் கொடுத்துச் சோதித்துக்கொள்ளுங்கள். 8-க்கு மேல் வந்தால் இந்த எண்ணத்தை விட்டுவிடலாம். ஸ்ரீரங்கம் தீவில் நெல் வயலாக இருந்த களிமண் தாக்கும் வேண்டாம். வடிகால் உள்ள வண்டல், செம்மண் தென்னந்தோப்புகளில் முயலலாம்.

கியூ ரகம் பெரிய பழம் தரும். மொரீசியஸ் சிறியது, ஆனால் முன்னதாகக் காய்க்கும். நேரடிப் பழ விற்பனைக்கு இதுவே நல்லது. 300 முதல் 350 கிராம் எடையுள்ள பக்கக் கன்று அல்லது மேல் கன்றை ஜூலை முதல் செப்டம்பருக்குள் நட வேண்டும். கன்றுகள் ஒரே எடையில் இருந்தால்தான் பிறகு ஒன்றாகப் பூக்கும். மலையில் பள்ளம் எடுத்து இரட்டை வரிசையாக நடுவார்கள். காவிரிக் கரையில் அதைச் செய்யாதீர்கள். ஐப்பசி மழையில் பள்ளம் குட்டையாகிவிடும். மேட்டுப்பாத்தி போட்டு, வரிசைக்கு வரிசை 60 செ.மீ., செடிக்குச் செடி 30 செ.மீ., பாத்திகளுக்கு இடையே 90 செ.மீ. விட வேண்டும்.

கடைசி உழவில் தொழுஉரம் ஏக்கருக்கு 16 முதல் 20 டன். செடி ஒன்றுக்கு மொத்தம் யூரியா 35 கிராம், சூப்பர் பாஸ்பேட் 25 கிராம், பொட்டாஷ் 20 கிராம். பாதியை 6-ஆம் மாதமும், மீதியை 12-ஆம் மாதமும் இட வேண்டும். எறும்பு ஏறும் செடியில் மாவுப்பூச்சி இருக்கிறதா என்று அடியிலையை விலக்கிப் பாருங்கள்.

தானாக விட்டால் அன்னாசி ஆளுக்கொரு நேரத்தில் பூக்கும். வாரம் பத்துப் பழத்தை வைத்துக்கொண்டு வியாபாரியைக் கூப்பிட முடியாது. 35 முதல் 40 இலை வந்ததும் எத்ரல் ஊற்றுவது இதற்காகத்தான். கேரளத்தில் பின்பற்றும் அளவு: 1,000 செடிக்கு 50 லிட்டர் தண்ணீரில் யூரியா 1 கிலோ, கால்சியம் கார்பனேட் 20 கிராம், 39 சத எத்ரல் 3.2 மி.லி. செடிக்கு 50 மி.லி. வீதம் குருத்தில் ஊற்ற வேண்டும். மழையில்லாத நாளில், வெயில் தாழ்ந்த பிறகு செய்யுங்கள். சுமார் 40 நாளில் பூ தெரியும். தோட்டத்தை மூன்று நான்காகப் பிரித்து, இடைவெளி விட்டு ஊற்றினால் பழம் ஒரே நாளில் குவியாது.

நட்ட 18 முதல் 24 மாதத்தில் அறுவடை. அடிக்கண்கள் மஞ்சளானதும் காம்போடு வெட்ட வேண்டும். தாய்ச்செடியில் ஒரு பக்கக் கன்றை மட்டும் விட்டு மறுதாம்பு எடுக்கலாம். பழம் சற்றுச் சிறுக்கும்.

சந்தையில் கொல்லிமலைப் பழத்தோடும், புவிசார் குறியீடு பெற்ற கேரளத்து வாழக்குளம் பழத்தோடும் நம் பழம் போட்டி போட வேண்டியிருக்கும். எனவே முதல் ஆண்டு தென்னைக்கு இடையில் 500 கன்றுகள் போதும். ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் தாண்டி இலை பச்சையாக நின்றால், அந்தச் செடிகளின் கன்றுகளையே எடுத்துப் பரப்பைக் கூட்டிக்கொள்ளலாம்.